அக்கா பை போட்டுப் பிடித்த எட்டு ஆண்டுகள்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் இரத்த அழுத்தத்தைப் பற்றியா எழுதுவது என்று மாமா கேட்டார். அக்கா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார்.

அக்கா மாதனூரில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சேர்ந்தார். என்னையும் தங்கைகள் இருவரையும் படிக்க வைத்தது அந்தத் தையல்தான். மாமாவை மணந்த பின்னும் வேலையை விடவில்லை. காலை ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ் வரும். அடுத்த நிறுத்தத்தில் ஏறும் தோழிக்காகச் சீட்டில் சாப்பாட்டுப் பையைப் போட்டு வைத்தால், அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. அதுதான் அந்த பஸ்ஸின் சட்டம். அக்கா பை, குடை, தண்ணீர் பாட்டில் என்று மூன்று சீட்டுகளைப் பிடித்துவிடுவார்.

நாற்பத்து மூன்றாம் வயதில் அக்காவுக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. மூன்று வகை மாத்திரை போட்டும் இறங்கவில்லை. இறங்கும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு பத்துக்கு ஹாரன் சத்தம் கேட்டால் அக்கா வாசலுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்புவார்.

தினமும் கருவியில் பார்த்து டைரியில் குறிக்கும் பொறுப்பு என்னுடையது. அக்கா ஒளித்து உப்புத் தின்கிறார் என்று நானே முடிவு செய்து, ஊறுகாய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் ஊறுகாய் கோட்டுக்குக் கீழே இருந்தது.

“அக்கா, நெஜத்த சொல்லு. ஊறுகா தொட்டியா இல்லியா?”

“இன்னாடா இது, பாட்டில்ல கோடு? நான் இன்னா திருடியா?”

“கோடு பொய் சொல்லாது.”

“அப்ப அந்தக் கோட்டையே அக்கான்னு கூப்டு, போ!”

இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

பிறகு வேலூரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். என் டைரியை முழுதும் படித்துவிட்டு அக்காவிடம் ஒன்றுதான் கேட்டார்: “கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குதாம்மா?” பிடித்தது. அதை நான் குறித்திருக்கவில்லை.

பரிசோதனையில், காலை இழுத்துப் பிடிக்க வைக்கும் அளவுக்குப் பொட்டாசியம் குறைவாகவும், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிக அதிகமாகவும் இருந்தன. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உள்ள சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சிறுநீரகத்தில் மட்டுமல்ல, இரத்தக் குழாயின் சுவரிலும் இதயத்திலும் இருக்கின்றன. அங்கே ஹார்மோன் அளவுக்கு மீறிப் போய் உட்கார்ந்தால் உடல் உப்பைத் தேக்கும், குழாய் விறைக்கும், இதயச் சுவர் தடிக்கும். அக்காவின் இதயம் ஏற்கெனவே சற்றுத் தடித்திருந்தது.

“உப்பக் கொறைக்கணும்தான். ஆனா இது இவங்க செஞ்ச தப்பு இல்ல,” என்றார் மருத்துவர். அந்த ஏற்பிகளை மறிக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

அக்கா கேட்டார்: “ஹார்மோன் ஏர்றதுக்கு முன்னாடி இந்த மாத்திரை சீட்ல பை போட்டுடும். அவ்ளோதானே மேடம்?”

மருத்துவர் சிரித்துவிட்டார். “இனிமே எல்லாருக்கும் இப்டியே சொல்றேம்மா.”

அப்போதுதான் மாமா தொண்டையைக் கனைத்தார். “ஊறுகா தொட்டது நான்தான். மோர் சோறு எறங்க மாட்டேன்னுது.”

“எழுதுடா தம்பி, டைரில கொட்டை எழுத்துல எழுது!” என்றார் அக்கா. எழுதினேன். கீழே, என் தவறு என்றும் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. டாக்டர் அனுமதித்த முதல் நாள், பஸ்ஸுக்கு அரை மணி முன்பே அக்கா தெருமுனையில் நின்றார். அந்த மாத்திரையால் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறிவிடாமல் அவ்வப்போது இரத்தம் பார்த்துக்கொண்டு, மேலும் எட்டு ஆண்டுகள் தைத்தார். மகளின் திருமணத்தில் முன்வரிசை முழுவதையும் குடை போட்டே பிடித்தார். நோய் தாமதமாகத் தெரிந்ததால் இதயத்தில் தங்கிவிட்ட பாதிப்பு, சென்ற ஆண்டு அவரை எங்களிடமிருந்து அழைத்துக்கொண்டது.

அந்த மருத்துவருக்கும், இறுதிச் சடங்கு நாளில் கம்பெனி பஸ்ஸோடு வந்து நின்ற ஓட்டுநருக்கும், தோழிகளுக்கும், இப்போது மோர் சோற்றுக்கு வெள்ளரிக்காய் தொட்டுக்கொள்ளும் மாமாவுக்கும் எங்கள் நன்றி.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மாத்திரைக்கும் அழுத்தம் இறங்காதவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஊறுகாய் பாட்டிலில் கோடு போடாதீர்கள். ஹார்மோனைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் அக்கா எட்டு ஆண்டுகளை அப்படித்தான் பை போட்டுப் பிடித்தார்.