ஜெசிந்தா சிஸ்டரின் பத்துக் கேள்விகள்

ஜெசிந்தாவுக்கு அடித்தல் திருத்தல் ஆகாது. துறையூர்ப் பக்கமிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த நர்ஸ். படிவத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் புதுத் தாள் எடுப்பாள். அச்சிட்ட வரிசை மாறாமல்தான் கேள்வியும் கேட்பாள். அந்த ஒழுங்குதான் பதினைந்து உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

1999-இல் அந்த மலையின் குண்டூர் நாட்டு ஜீப் டிரைவர் சென்றாயன் பலாமரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டான். மலைக்குக் கீழே, கீழ்நாட்டு ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து வீடு திரும்பினான். மூளை எவ்வளவு தேறுகிறது என்று மாதாமாதம் அளந்து அனுப்பச் சொல்லி, அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தாளை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். இன்றைக்கு என்ன கிழமை, பிள்ளைகள் எத்தனை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகப் போகும்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவள் போவாள். முதல் மாதம் நான்கு மார்க். ஐந்தாம் மாதம் இருபதுக்கு இருபது! ஜெசிந்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. 'வேலைக்குப் போகலாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஜீப்பின் சொந்தக்காரர் காளியண்ணன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எழுபது கொண்டை ஊசி வளைவு. மூன்று வாரமாக ஆட்களை ஏற்றி இறக்கினான். பாடிக்கொண்டே ஓட்டுகிறவன் இப்போது வாய் திறப்பதில்லை. அவன் பெண்சாதி ராமாயிதான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தபடி வந்தாள். ஏதாவது வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்து, ஜெசிந்தாகூட ஒருமுறை அந்த ஜீப்பில் தூங்கியபடியே மலை இறங்கினாள்.

ஆறாம் மாதம் மழையில் செவ்வாய் தப்பி வெள்ளிக்கிழமை வந்தாள். சந்தைக்குப் புறப்பட்ட ஜீப்பில் பதினைந்து பேர். பாதையெங்கும் பஞ்சுப்பொதியாக மூடுபனி. தாள் பைக்குள் நனைந்து கூழாகியிருந்தது. சென்றாயன் பக்கம் நின்று, நினைவுக்கு வந்த வரிசையில் கேட்டாள்.

"பிள்ளைங்க எத்தனை?"

"செவ்வாக்கிழமைங்க."

யாரோ சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்காமல் அடுத்ததைக் கேட்டாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டுங்க. மூத்தது பொண்ணு."

வீட்டு வாசலில் நின்ற ராமாயி ஓடிவந்து அவளை ஓரமாக இழுத்தாள். "பரீட்சையில தேறுனாத்தான் வண்டி குடுப்பாங்கன்னாங்க சிஸ்டர். அதான் வரிசையாச் சொல்லிக் குடுத்தேன். பயப்படாதீங்க, ஒவ்வொரு வளைவுக்கும் நாந்தான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

"இன்னைக்கு?"

"சின்னவனுக்குக் காய்ச்சலுங்க. ஊட்டுல இருக்கோணும்."

எஞ்சின் உறுமியது. ஜெசிந்தா கையை உள்ளே விட்டுச் சாவியைப் பிடுங்கினாள். ஜீப்பருகே நின்ற காளியண்ணன் சட்டைப்பையிலிருந்து அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"நீங்க எழுதுனதுதானுங்களே?"

பதினைந்து பேரும் அவளையே பார்த்தார்கள். அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தின் மேலேயே கோடு போட்டாள்.

"ராமாயி சொல்லிக் குடுத்ததுக்கு நான் மார்க்குப் போட்டிருக்கேன். தப்பு என்னோடதுதான். எல்லாரும் இறங்குங்க."

திட்டிக்கொண்டே இறங்கினார்கள். சென்றாயன் மட்டும் இறங்கவில்லை. சாவி இல்லாத துளையை விரலால் திருகிக்கொண்டே இருந்தான்.

"ஏனுங்க சிஸ்டர், தப்பாச் சொல்லிட்டனுங்களா? அடுத்த தடவ வாங்க. நல்லாப் படிச்சு வெக்கறேனுங்க."