பத்ருன்னிசாவின் பாதாள மாதுளை

டிபெண்டன்ட் விசாவில் வேலைக்குப் போக முடியாதுதான். அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கவா பத்ருன்னிசா பிறந்தாள்? 2006இல் சான்டா கிளாராவில் ஓவிய வகுப்பொன்றில் சேர்ந்துவிட்டாள். மனுஷ உருவம் வரைய அவளுக்கு மனசு ஒப்பாது. பழமும் செம்பும் வரையலாம் என்றதும், "அல்ஹம்துலில்லாஹ்!" என்று பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

ஒரு கிரேக்கக் கதையை, ஆளே இல்லாமல், பொருள்களை மட்டும் வைத்து வரையச் சொன்னாள் ஆசிரியை. நன்றாக வந்தால் கண்காட்சியில் மாட்டுவார்கள், கீழே பெயரோடு. அமெரிக்கா வந்ததிலிருந்து எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அவள் இனாயத்துல்லாவின் மனைவிதான். தன் பெயர் தனியாக ஒரு சுவரில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது.

பாதாள ராஜா தூக்கிப்போன பெண்ணின் கதையை எடுத்தாள். அங்கே ஆறு மாதுளை முத்தைத் தின்ற பாவத்துக்கு, வருஷத்தில் பாதி அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்றாம் அந்தப் பெண். சாப்பாட்டு மேசையில் கறுப்புத் துணி விரித்து, செம்பு, வாடிய ரோஜா, பிளந்த மாதுளை எல்லாம் வைத்து வரைந்தாள். மாதுளை மட்டும் பாக்கி. ரமலான் மாதம், நோன்புக் கஞ்சி அடிபிடித்துவிடுமே என்று அடுப்படிக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்தா இனாயத்துல்லா ஆபீஸ் நண்பன் சுஃபியானைக் கூட்டிவர வேண்டும்? பொழுது சாய்ந்த மக்ரிப் நேரம். மேசையில் பழம். "பிஸ்மில்லாஹ்!" அவ்வளவுதான்.

கஞ்சியோடு வந்தவள் கண்ணில் பட்டது தோல்தான்.

"அடப்பாவிகளா! நாளைக்கு சப்மிட் பண்ணணும்!"

"நோன்பு தெறக்கிற நேரத்துல டேபிள்ல பழம் இருந்தா மனுஷன் வேற என்ன நெனைப்பான், நிசா?"

"கறுப்புத் துணியில, வாடின பூவோட, எவளாவது இஃப்தார் வைப்பாளா?"

அழுகையும் ஆத்திரமுமாகக் கதை முழுவதையும் கொட்டினாள். மென்றுகொண்டிருந்த சுஃபியான் அப்படியே நிறுத்தினான்.

"அப்ப நான் எத்தனை மாசம் கெடக்கணும், லாத்தா?"

"கிரீன் கார்டு வர்ற வரைக்கும்!"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி மேசையைப் பார்த்தாள். பிய்ந்த தோல், சிதறின முத்து, துணியெல்லாம் கறை. அட, அந்தப் பெண் தின்றதனால்தானே கதையே!

"யாரும் கை வைக்கக் கூடாது!" என்று உட்கார்ந்தவள், கஞ்சி ஆறியும் எழுந்திருக்கவில்லை.

படம் கண்காட்சியில் ஏறியது. இனாயத்துல்லா கோட்டு மாட்டிக்கொண்டு வந்து அதன் முன்னால் நின்றார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "அந்தப் பழத்தைச் சாப்பிட்டது நான்தான்" என்று இங்கிலீஷில் பெருமையடித்தார்.

பத்ருன்னிசா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, தள்ளி நில்லுங்க. என் பேரை மறைக்கிறீங்க."