முடிந்த சண்டைகள் மட்டும்

பூச்சி உருண்டை, பித்தளை மினுக்கும் பசை, உரித்த மந்தரீனித் தோல் ஆகிய மூன்றும் ஒரு மூடிய மண்டபத்துக்குள் கலந்தால் எப்படி மணக்கும் என்பது எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஒவ்வொரு பெப்ரவரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த மணத்துக்குள் நின்றிருக்கிறேன். பூச்சி உருண்டை பழைய சீருடைகளிலிருந்து வந்தது, பசை பதக்கங்களிலிருந்தும் ஊதுகுழல்களிலிருந்தும் வந்தது. மந்தரீனி என்ற சின்னத் தோடம்பழம், சியாகுல்லித் தோட்டங்களில் மற்றப் பழமெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பழுக்கிற இனம். அதைப் பை பையாகக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்து, உரித்துத் தின்றபடியேதான் அந்த மனிதர்கள் இரண்டு உலகப் போர்களையும் பேசித் தீர்த்தார்கள்.

அது இராணுவப் பழம்பொருள் சேகரிப்போரின் ஆண்டுக் கண்காட்சி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "ஆமிச் சந்தை". ஒன்பது வயதில் முதன்முறை அங்கே போனேன். என் அப்பா லிபெர்த்தா பகுதியில் சிஞ்ஞோர் நீனோ என்ற வயதானவரின் வீட்டில் வேலை செய்தார்; சமைப்பார், வீடு துடைப்பார், அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுவார். சிஞ்ஞோர் நீனோ தந்தி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், போர்க்களத் தொலைபேசிகளைச் சேர்ப்பவர். தொலைபேசிப் பெட்டிகளும் பாரம், நாற்காலியும் பாரம். அப்பாவின் இத்தாலிய மொழியோ குசினியையும் "குவெஸ்தூரா" என்ற பொலிஸ் அலுவலகத்தில் விசா புதுப்பிக்கும் வரிசையையும் தாண்டாது. ஆகவே பெட்டி தூக்க அப்பாவும், அப்பாவுக்குப் பதிலாகக் கதைக்க நானும் போனோம்.

அந்த மண்டபத்துக்கு வருகிறவர்களை நான் அப்போதே மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்: விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், தொட்டுப் பார்க்கிறவர்கள். நான் மூன்றாம் வகை. தொலைபேசியின் பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், மண்டபத்தின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு பெட்டியில் மணி அடிக்கும்; இடையில் மின்சாரம் இல்லை, பற்றரியும் இல்லை, என் கை மட்டுமே. மறுமுனையில் பெப்பே எடுப்பார். பகேரியாவிலிருந்து வருகிற புகையிரதக் காவலர், தலைக்கவசங்களும் சாப்பாட்டுத் தகரங்களும் சேர்ப்பவர். எதிரி எங்கே நிற்கிறான் என்று கடுமையான குரலில் கேட்பார். எதிரி கழிப்பறைக்குப் போய்விட்டான், மந்தரீனி முடியப் போகிறது என்று நான் அறிக்கை கொடுப்பேன். பக்கத்து மேசையில் சீருடைப் பொத்தான்களுடன் இருந்த தையற்காரி சிஞ்ஞோரா எஞ்சா, இந்த இரண்டு படைகளிடமும் நாட்டைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பட்டினி என்பார்.

இவர்கள் எல்லாரையும் ஆட்டிவைத்தவர் "காப்பித்தானோ", அதாவது கப்டன். கண்காட்சியின் பொறுப்பாளர். படையில் அவர் இருந்தது சமையற்கூடத்தில்தான் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் எல்லாரும் அவரைக் காப்பித்தானோ என்றே அழைத்தார்கள். மேசைவிரிப்பு பச்சையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எந்தப் படை, எந்த ஆண்டு, எந்தப் போர் என்று ஓர் அட்டை இருக்க வேண்டும். ஞாயிறு பின்னேரமானாலும் மண்டபத்துக்குள் எவரும் வானொலியில் கால்பந்து கேட்கக்கூடாது. இவை அவருடைய சட்டங்கள். கடைசிச் சட்டத்தால்தான் அவருக்கு அதிக விரோதிகள்.

அம்மாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் நாங்கள். இவள் என்னெண்டால் உடுத்து வெளிக்கிட்டு சண்டைச் சாமான் பாக்கப் போறாள்" என்று, நான் சப்பாத்து மாட்டும்போதெல்லாம், என்னிடம் சொல்லாமல் சுவரிடம் சொல்வார். தமிழ்ப் பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயில் வாசலில் நிற்கும் பெண்கள் எனக்கு "ஆமிக்காரி" என்று பெயர் வைத்தார்கள். "ஆமிக்காரி வாறா, சல்யூட் அடியுங்கோடி" என்று ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் அடிக்கவும் செய்வார்கள். நான் திருப்பி அடிப்பேன். அழுது அந்தப் பெயரைப் போக்குவதைவிட, முதுகை நிமிர்த்தி அதை ஏற்றுக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

நான்காம் ஆண்டு, புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு மீற்றர் மேசை இலவசம் என்று காப்பித்தானோ அறிவித்தார். எனக்கு வேண்டும் என்று கை தூக்கினேன். சிறுபிள்ளை என்று சிரித்தவர்களைப் பெப்பே அடக்கினார். என்ன வைக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு ஒரு வானொலி என்று மட்டும் சொன்னேன்.

நான் நினைத்திருந்தது ஒரு சவுக்காரப் பெட்டி, சோப்புத் துண்டு வைக்கிறது. ரோஸ் நிறம், பிளாஸ்ரிக், மூடியில் ஒரு வெடிப்பு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பற்றரி உள்ளே வரத் தடை வந்த காலத்தில் மரியான் மாமா அதைச் செய்தார். மாமா அம்மாவின் தம்பி, ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை பார்த்தவர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால், பின்சில்லில் உரசும் டைனமோ மின்சாரம் தரும். ஆனால் அது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மின்சாரம், ரேடியோவுக்கு ஒரே திசையில் ஓடுவதுதான் வேண்டும். அதைத் திருப்பிவிடும் நான்கு டயோட்டுகளையும் ஒரு கப்பாசிட்டரையும் பற்றுவைத்து மாமா அந்தச் சவுக்காரப் பெட்டிக்குள் அடக்கியிருந்தார். குருநகரில் எங்கள் ஒழுங்கையிலிருந்த எல்லாரும் மாலையில் எங்கள் முற்றத்துக்கு வருவார்கள், பிள்ளைகள் முறை வைத்துப் பெடல் சுற்றுவோம், இலண்டனிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி கேட்கும். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கரகரத்துச் செத்துப்போகும். எங்கள் தலையில் விழுகிற குண்டைப் பற்றிய செய்தியை நாங்களே கையால் சுற்றி எடுத்துக் கேட்டோம்.

ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போன மாமா திரும்பவில்லை. அதன்பிறகு அம்மா பெடலை எங்களுக்குத் தரவில்லை. ஒவ்வொரு மாலையும் தானே சுற்றினார். எந்தச் செய்தியும் மாமாவின் பெயரைச் சொல்லவில்லை. கடைசியில் கிளாலிக் கடலால் வள்ளத்தில் நாங்கள் வெளியேறியபோது, அந்தப் பெட்டிக்குள் ஒரு தேய்ந்த சவுக்காரத் துண்டை மேலே வைத்து மூடி அம்மா கொண்டுவந்தார். சோதனைச் சாவடியில் திறந்தவன் சவுக்காரத்தைப் பார்த்து மூடினான். பலெர்மோவுக்கு வந்ததும் அது அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் போனது.

அதைத் தாருங்கோ என்று அம்மாவிடம் மூன்று முறை கேட்டேன். கண்காட்சிக்கு முதல்நாள் மாலை அது என் புத்தகப் பையின் மேல் இருந்தது. உள்ளே சவுக்காரத் துண்டு இல்லை.

கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு பழைய சைக்கிள் இரவல் வாங்கினேன், டைனமோவோடு. ஞாயிறு காலையில் அதை மண்டபத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தி, பெட்டியை இணைத்து, எங்கள் வீட்டு ரேடியோவைப் பச்சை விரிப்பில் வைத்தேன். அட்டையை அழகாக எழுதியிருந்தேன். படை: எதுவுமில்லை. ஆண்டு: தொடருகிறது. போர்: எங்களுடையது.

கதவு திறக்குமுன் மேசைகளைப் பார்வையிட வந்த காப்பித்தானோ அட்டையை இரண்டு முறை வாசித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குக் கோபமூட்டியது. இங்கே முடிந்த சண்டைகள் மட்டும்தான், சின்னப் பெண்ணே, நடக்கிற சண்டைகளை நாங்கள் எடுப்பதில்லை என்றார். எப்போது முடிகிறதோ அப்போது கொண்டு வா என்று, ஏதோ காய்ச்சல் மாறியதும் பள்ளிக்கூடம் வா என்பதைப் போலச் சொன்னார். முடியும்வரை இது சண்டைச் சாமான் இல்லையா என்று நான் கேட்டதற்கு, சட்டம் சட்டம்தான் என்று அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

அப்போதுதான் சிஞ்ஞோர் நீனோ, நல்ல மனதுடன், ஒரு வழி சொன்னார். அட்டையை மாற்றி எழுது: சிசிலி, நேசப்படைகள் கரையிறங்கிய ஆண்டு, பொதுமக்கள் செய்துகொண்ட வானொலி. அந்தக் காலத்தில் நாங்களும் இருட்டில்தானே இருந்தோம், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றார். காப்பித்தானோ அதற்குத் தலையாட்டினார். பேனாவையும் அவரே நீட்டினார்.

நான் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா குனிந்து என் காதோடு, "எழுதன் பிள்ளை. ஒரு துண்டுக் கடதாசிதானே. நல்ல மனுசன், முகத்தை முறிக்காதை" என்றார். அப்பாவின் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு விளங்கியது. சிஞ்ஞோர் நீனோவின் கையெழுத்தில்தான் அப்பாவின் வேலை, அந்த வேலையில்தான் எங்கள் மூவரின் "பெர்மெஸ்ஸோ", நாட்டில் இருக்கும் அனுமதி. ஆனாலும் நான் மாட்டேன் என்றேன். தமிழில் ஒருமுறை, இத்தாலியனில் ஒருமுறை. அட்டை அப்படியே இருந்தது, நானும் அப்படியே நின்றேன். கதவு திறந்து சனம் வந்தது. காப்பித்தானோ என் மேசைக்கு முன்னால் ஒரு மடக்குத் திரையைக் கொண்டுவந்து மறைத்து வைத்தார்.

மத்தியானம் கடந்து, ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை முடித்து, என்னைக் கூட்டிப்போக அம்மா வந்தார். நான்கு ஆண்டுகளில் அந்த மண்டபத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். சீருடைப் பொம்மைகளைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே நடந்து திரைக்குப் பின்னால் வந்தார். நடந்ததைச் சொன்னேன். என்ன எழுதச் சொன்னார்கள் என்பதை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

"மரியான் செய்ததை ஆரோ செய்ததெண்டு எழுதட்டாமோ?" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எங்கடை இருட்டையும் இவையின்ரை எண்டு எழுதிக் குடுக்கப் போறியளோ?"

பதிலுக்கு நிற்காமல் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தூக்கு பிள்ளை சைக்கிளை."

தூக்கினோம். வீட்டுக்கு என்று நினைத்தேன். அம்மா வாசலைத் தாண்டியதும், நடைபாதையிலேயே, உள்ளே போகிறவர்களின் காலில் இடறும்படியாக, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். காப்பித்தானோவின் சட்டம் வாசற்படியோடு முடிந்தது. அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பெடலைச் சுற்றத் தொடங்கினார். நான் ரேடியோவின் முள்ளைத் திருகினேன். முதலில் இரைச்சல், பிறகு ஒரு மனிதன் மூச்சு விடாமல் கத்துகிற குரல். கால்பந்து. எங்கள் நகரத்து அணியின் ஆட்டம்.

முதலில் வந்தவர் பெப்பே. பிறகு விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், தொட்டுப் பார்க்கிறவர்கள். உள்ளே மேசை மேசையாக இராணுவ வானொலிகள் இருந்தன, ஒன்றுக்கும் உயிர் இல்லை. மந்தரீனி உரித்த கையோடு, மார்பில் மாட்டிய பதக்கத்தோடு, தலையில் கவசத்தோடு அவர்கள் நடைபாதையை நிறைத்தார்கள். கூட்டத்தின் பின்னால் காப்பித்தானோவும் வந்து நின்றார், கூட்டத்தைக் கலைக்க வந்தவரைப் போல. பந்து மூலையிலிருந்து உதைக்கப்படப் போகிறது என்று அறிவிப்பாளர் குரலை உயர்த்திய கணத்தில் அம்மா கையை எடுத்தார்.

குரல் கரகரத்துச் செத்தது. ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முறையிட்டார்கள். சுத்துங்கள் சிஞ்ஞோரா, சுத்துங்கள். அம்மா இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, தன்னிடமிருந்த இத்தாலியனைக் கூட்டி, "ப்ரீமா தொமாந்தா" என்றார்.

முதலில் கேள் என்று சொல்ல நினைத்தார். அவர்களுக்கு அது, தொலைக்காட்சிப் போட்டியில் சொல்வது போல, முதலாம் கேள்வி என்று கேட்டது. எல்லாரும் கேள்விக்காகக் காத்திருந்தார்கள். அம்மா அவர்கள் கேட்பதற்காகக் காத்திருந்தார். கடைசியில் பெப்பே தொப்பியைக் கழற்றி, "முதலாம் கேள்வி. சிஞ்ஞோரா, இது என்ன?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எந்த ஊர், யார் செய்தது, ஏன் செய்தது, செய்தவர் எங்கே போனார் என்று நான்கையும் ஒழுங்காகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அம்மா மறுபடி சுற்றினார். மூலை உதை வீணாகியிருந்தது. அதற்காக எவரும் எங்களைக் குறை சொல்லவில்லை. பிறகு ஆள் மாறி ஆள் வர, ஆட்டம் முடியும்வரை அம்மா பலமுறை கையை எடுத்தார், பலமுறை கேட்கவைத்தார். கடைசியில் கை ஓய்ந்தபோது பெடலை அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவும், சிஞ்ஞோர் நீனோ பார்த்துக்கொண்டிருக்க, சுற்றினார். மறுநாள் அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. காப்பித்தானோ மட்டும் அடுத்த ஆண்டு எனக்கு மேசை தரவில்லை. நாங்கள் நடைபாதைக்குப் போனோம்.

இன்று அந்த மண்டபம் பேரங்காடியாகிவிட்டது. சிஞ்ஞோர் நீனோ இல்லை, அவருடைய தொலைபேசிகள் எந்தெந்த வீட்டுக்குப் போயினவோ தெரியாது. ஆட்டம் கேட்க எவரும் வாசலுக்கு வரத் தேவையில்லை, அது சட்டைப்பைக்குள் இருக்கிறது. கோயில் வாசலில் எனக்குச் சல்யூட் அடித்தவர்களில் பாதிப்பேர் வடக்கே வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். நான் மருத்துவமனை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன்.

போன மாசி மாதம் காப்பித்தானோவின் மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டார். கண்காட்சியை வேறோர் இடத்தில் மறுபடி தொடங்குகிறாராம். சிஞ்ஞோரா எஞ்சா சவுக்காரப் பெட்டியைப் பற்றிச் சொன்னாராம். உங்கள் நாட்டுச் சண்டைதான் இப்போது முடிந்துவிட்டதே, இனி ஒரு தடையும் இல்லை, நல்ல மேசையாகத் தருகிறேன் என்றார். மரியாதையான பிள்ளை. நான் தொலைபேசியைக் கையால் மூடி, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடிஞ்சுதெண்டால் மரியான் எங்கை எண்டு கேள்."

நான் கையை எடுத்து, அதை ஒரு சொல்லும் மாற்றாமல் இத்தாலியனில் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார், எதை விசாரிப்பது என்று தெரியாமலே. சரி, காத்திருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.