சாக்குத் துண்டில் ஒரு சின்ன இரண்டு

பள்ளியில் நான்காம் படிவத்தில் நான் வேதியியல் எடுத்ததுதான் தப்பு. கிள்ளானில் ஓர் உரக் கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு, மூட்டைமேல் அச்சாகியிருக்கும் எழுத்துகளைத் தன் மகன் வாசிப்பான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் விட்டாரா? கிழிந்த சாக்கில் அந்த இடத்தை மட்டும் வெட்டி, மடித்து, சட்டைப்பையில் கொண்டுவருவார். சோற்றில் கைவைத்தால், "இதுல எத்தன அணு?" பஸ்ஸுக்கு ஓடினால், "இதுல?" எங்கள் வீட்டில் ஆறாம் ஆண்டுப் படிப்பைத் தாண்டியவர் யாருமில்லை, ஆகவே நான் சொன்னதெல்லாம் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டும் கடையில், என் கழுத்துவரை துணியைச் சுற்றிக் கட்டியபிறகு அப்பா சாக்குத் துண்டை எடுத்தார். ஓட வழியில்லை. எண்ண விரல்கூட இல்லை, எல்லாம் துணிக்குள். (NH₄)₂SO₄ என்றிருந்தது. அம்மோனியம் சல்பேட்.

"எத்தனன்னு சொல்லு, அங்கிளெல்லாம் கேக்கட்டும்."

"அப்பா, இப்ப வேணாம்பா."

"தம்பி, தலைய ஆட்டாத லா, காது போயிடும்," என்றார் முடிவெட்டுபவர்.

சனியன் ஒழிந்தால் போதுமென்று கடகடவென ஒப்பித்தேன். நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் நான்கு, சல்பர் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. "பத்து. போதுமா?"

கடையே கைதட்டியது. காத்திருந்த லோரிக்காரர், "முப்பது வருஷமா தூக்குறியே, உள்ள பத்து இருக்குன்னு உனக்குத் தெரியுமாய்யா?" என்று அப்பாவைச் சீண்டினார்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாளைக்கு எங்க ஆபிசர்கிட்டயே சொல்றேன் பாரு. அவரு கெமிஸ்ட்ரில டிகிரி."

மறுநாள் வகுப்பில் ஆசிரியை அதே சூத்திரத்தைப் பலகையில் எழுதினார். அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் சின்ன இரண்டு, உள்ளே உள்ளதையெல்லாம் இரட்டிப்பாக்குமாம். நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் எட்டு, மொத்தம் பதினைந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் அப்பா ஆபிசர்முன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பத்து என்று சொல்லியிருப்பார்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "சொன்னீங்களாப்பா?"

"ம்."

"அவரு என்ன சொன்னாரு?"

அப்பா முகம் துடைக்கிற துண்டைத் தேடினார். அது அவர் தோளில்தான் கிடந்தது. "கரெக்ட்டுன்னுட்டாரு. உன் மவன் கெட்டிக்காரன்னாரு."

போன உயிர் வந்தது. கூடவே ஆத்திரமும். டிகிரி படித்த மனுஷன்! பதினைந்து என்று சொல்ல வாயெடுத்து, அப்பாவின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விழுங்கிக்கொண்டேன். ஏதோ நான்தான் அவரைக் காப்பாற்றுகிற மாதிரி.

அதற்குப்பின் அப்பா யார் முன்னாலும் என்னை எண்ணச் சொல்லவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அந்தச் சாக்குத் துண்டு மட்டும் சில நாள் கழித்து என் வேதியியல் புத்தகத்துக்குள் கிடந்தது. சின்ன இரண்டைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். கோணல்மாணலாக, சாக்கே கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தது. ஆபிசர் வேலைதான். வட்டம் போடத் தெரிகிறது, எண்ணத்தான் தெரியவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன்.