குடத்தில் மிஞ்சிய பந்து

வயிற்றுவலி என்று வருகிற பெண்ணை நம்பக் கூடாது. உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்ட பாடம் இது. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னதும் வருகிற வலி, பீரியட் முடிந்து மணி அடித்ததும் பறந்துபோய்விடும். அப்படி ஒவ்வொருத்தியையும் சந்தேகப்பட்டே வேலை பார்த்து, சந்தேகம் துளியும் குறையாமல் ஓய்வு பெற்றேன். தஞ்சாவூரில் பெண்கள் கூடைப்பந்து லீக் ஒன்று தொடங்கியபோது ஆட்டங்களை மேற்பார்வை பார்க்கும் மேட்ச் கமிஷனராக என்னைக் கூப்பிட்டதற்குக் காரணமும் அதுதான். "நீங்க இருந்தா எவனும் வாலாட்ட மாட்டான் டீச்சர்" என்றார் லீக் செயலாளர். அவர் ஏன் இப்படிப் புகழ்கிறார் என்று அன்றைக்கே யோசித்தேன்.

கடைமடைக்கு முதல் தண்ணீர்

எங்கள் லீக்கில் அணிகள் விருப்பப்படி ஆள் பிடிக்க முடியாது. டிராஃப்ட் உண்டு. புதிதாக ஆட வருகிற பெண்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன சீசனில் கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் பிக், அதாவது முதலில் எடுக்கும் உரிமை. எந்த அணி எடுக்கிறதோ அந்த அணிக்குத்தான் அந்தப் பெண் ஆட வேண்டும். மறுத்தால் அந்த சீசன் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான். பெரிய பெரிய அலுவலகங்களிலிருந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் எங்கள் லீக் ஆட்டங்களுக்குத்தான் வருவார்கள் என்பதால் யாரும் மறுப்பதில்லை.

அந்த வருடம் எல்லோர் கண்ணும் கயல்விழி மேல் இருந்தது. திருவையாற்றுப் பக்கத்துப் பெண், ஆறடிக்கு மேல் உயரம். ரிங்குக்குக் கீழே நின்று கையைத் தூக்கினால் பந்து அவளுக்குத்தான். அவளுடைய அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறவர். டிராஃப்ட் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நல்லா ஆடுற பொண்ண எதுக்கு டீச்சரம்மா தோத்த டீமுக்குக் குடுக்கணும்?"

தலைமடைக்காரர்களே தண்ணீரையெல்லாம் எடுத்துக்கொண்டால் கடைமடை காய்ந்து போகாதா, அதனால்தானே முறை வைத்து விடுகிறார்கள், இதுவும் அப்படித்தான் என்றேன். அவருக்குச் சட்டென்று புரிந்தது. ஆனால் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"முறை சீக்கிரம் வரணும்னு வயல வேணும்னே காயப் போட்டு வச்சிருக்கவன் இருந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. இதை நானல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தோற்பதற்கு ஒரு போட்டி

கடைசி லீக் ஆட்டம் தாராசுரம் அணிக்கும் கூத்தாநல்லூர் அணிக்கும். பட்டியலில் இரண்டும்தான் அடிமட்டத்தில் இருந்தன. தோற்கிற அணிக்குக் கடைசி இடம். கடைசி இடத்துக்குக் கயல்விழி. அவள் தன் அப்பாவோடு கேலரியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்ததிலேயே அசிங்கமான ஆட்டம் அது. ஒரு அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கொடுக்கும். அதை வாங்கிய அணி போர்டில்கூடப் படாமல் எறியும். தாராசுரத்துப் பெண் ஒருத்தி ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்துத் தன் அணி காக்க வேண்டிய ரிங்கிலேயே போட்டுவிட்டாள். கை தவறி விழுந்தால் அது எதிரணிக்குப் பாயின்ட், தெரிந்து போட்டால் செல்லாது. ரெஃப்ரி விசில் ஊதிச் செல்லாது என்றார். "கை வழுக்கிடுச்சு சார்" என்று அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சொட்டு வியர்வை இல்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒருத்தி மட்டும் ஒழுங்காக ஆடினாள். கூத்தாநல்லூர் ஷர்மிளா, பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பாஸ் போடுகிற பாயின்ட் கார்டு, குட்டையான பெண். பந்து கைக்கு வந்தபோதெல்லாம் ஓடிப்போய்ப் போட்டாள். அவளுடைய கோச் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை வெளியே கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்.

ஆனால் கணக்குத் தப்பிவிட்டது. எட்டுப் பேரோடு வந்த அணி அது. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும்; ஃபவுல் செய்து செய்தே மூன்று பேர் வெளியேறினார்கள். பெஞ்சில் ஷர்மிளாவைத் தவிர ஆள் இல்லை. ஆள் இருக்கும்போது நான்கு பேரோடு ஆட விதியில் இடம் கிடையாது. கோச் தலையில் கை வைத்துக்கொள்ள, ஷர்மிளா உள்ளே போய் வரிசையாகப் பாயின்ட் எடுத்து ஜெயித்துக் கொடுத்தாள். ஜெயித்த அணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. தோற்ற அணியின் கோச் சிரிப்பை அடக்கக் கர்ச்சீப்பால் முகம் துடைத்தார்.

அமெரிக்காவிலும் இதே கதை

டிராஃப்ட் அங்கிருந்து வந்ததுதான். ஆரம்ப நாட்களில் அங்கத்திய கூடைப்பந்து லீக்கிலும் கடைசி அணிக்கே முதல் பிக். அது போக, உள்ளூர்க் கல்லூரியில் பேர் வாங்கிய ஆட்டக்காரனை, தன் முதல் பிக்கை விட்டுக்கொடுத்து உள்ளூர் அணியே எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு சலுகை இருந்தது. பிறகு அடிமட்டத்தில் இருந்த இரண்டு அணிகளுக்கு நடுவே காசு சுண்டிப் போட்டார்கள். முதல் பிக்குக்காக வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற பேச்சு ஓயாததால் குலுக்கலுக்கு மாறினார்கள். அதன் பிறகும் சந்தேகம் தீரவில்லை. அணிப் பெயர் போட்ட உறைகளில் ஒன்றை மட்டும் ஐஸில் வைத்து, எடுப்பவர் கைக்குச் சில்லென்று தட்டுப்படும்படி செய்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். உண்மையா என்று யாருக்கும் தெரியாது.

அங்கே முதன்முதலாக நடந்த டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லையாம். பள்ளிக்கூடத்துக் கோச்சாகப் போய்விட்டார். படித்தபோது எனக்கு அந்த மனிதரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. அதைப் படித்த புத்தி மட்டும் சமயத்தில் வேலை செய்யவில்லை.

எவர்சில்வர் குடம்

ஆட்டம் முடிந்ததும் இரண்டு முதலாளிகளும் என்னிடம் வந்தார்கள். கூத்தாநல்லூர் அணி ரஹீம் பாயுடையது. தாராசுரம் அணி பட்டுக்கடை ராமநாதனுடையது. ராமநாதன் வேண்டுமென்றே தோற்றார் என்று பாயும், பாய் தோற்க முயன்று முடியாமல் போயிற்று என்று ராமநாதனும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. இரண்டு பேருக்கும் நடுவே குலுக்கல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

இரண்டு டேபிள் டென்னிஸ் பந்துகள் வாங்கி, மார்க்கரால் ஊர்ப் பெயர்களை நானே எழுதினேன். பந்து சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குலுக்கல் நாளன்று என் வீட்டு எவர்சில்வர் குடத்தை மைதானத்துக்குக் கொண்டுபோய், எல்லோர் முன்னாலும் கவிழ்த்துத் தட்டிக் காட்டினேன். யார் எடுப்பது என்பதில்தான் சிக்கல். லீக் செயலாளரோ ராமநாதனுக்குத் தூரத்துச் சொந்தம். ரெஃப்ரியோ ரஹீம் பாயின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். தஞ்சாவூரில் இரண்டு பேரில் எவருக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு ஆளைத் தேடினால் கிடைக்கவில்லை. கடைசியில் கயல்விழியையே எடுக்கச் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவள் குடத்துக்குள் கைவிட்டபோது நான் இரண்டு முதலாளிகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கண்ணைக் காட்டினால் பிடித்துவிடுவேன். அவள் எடுத்தாள், பார்த்தாள், "கூத்தாநல்லூர்" என்று படித்தாள். பாய் கைதட்டினார். ராமநாதன் அலுவலக அறைக்குள் போய்விட, பாய் அவருக்கு ஆறுதல் சொல்லப் பின்னாலேயே போனார்.

கூட்டம் கலைந்ததும் குடத்தை எடுத்தேன். உள்ளே மிஞ்சிய பந்து உருண்டது. எடுத்துப் பார்த்தேன். அதில் கூத்தாநல்லூர் என்று எழுதியிருந்தது.

எவன் மாற்றினான், எப்போது மாற்றினான் என்றுதான் முதலில் யோசித்தேன். அந்தக் குடத்தை நான் கண்ணைவிட்டு அகற்றவே இல்லை. பிறகுதான் உறைத்தது. கயல்விழி எடுத்த பந்தை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கேட் அருகே அப்பாவோடு நின்றிருந்தவளிடம் போய்க் கையை நீட்டினேன். டிராக் பேண்ட் பாக்கெட்டிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தாள். தாராசுரம்.

"யாரு சொல்லிக் குடுத்தா? பாய் எதாவது சொன்னாரா?"

"யாரும் சொல்லல மிஸ். அந்த ஷர்மிளா அக்கா மட்டுந்தான் ஜெயிக்க ஆடுனாங்க. எனக்கு அவங்க பாஸ் போடணும். தோக்குறதுக்கு ஆடுன்னு சொன்னா எனக்கு ஆடத் தெரியாது."

அவளுடைய அப்பா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய் பொய்தான். அவளை அலுவலக அறைக்குக் கூட்டிப்போய், இரண்டு பந்துகளையும் முதலாளிகளுக்கு முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். என்னிடம் சொன்னதை அவர்களிடமும் சொல்லச் சொன்னேன். ஒரு வார்த்தையையும் மாற்றாமல் சொன்னாள். ரஹீம் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஷர்மிளாவை பெஞ்சில் உட்கார வைத்தது அவருடைய கோச்தானே.

ராமநாதன் தன் ஊர்ப் பந்தை எடுத்து உருட்டிக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணு எங்க டீம்ல இருந்திருந்தா?"

"உங்க ஊர்ப் பேரத்தான் படிச்சிருப்பேன் சார்."

அவர் பந்தை மேசைமேல் வைத்தார். பிறகு வியாபாரியாகிவிட்டார். முதல் பிக் தன்னுடையதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும், அதைக் கூத்தாநல்லூருக்கு விட்டுக்கொடுத்து அடுத்த வருடம் அவர்களுக்கு வருகிற முதல் பிக்கை எடுத்துக்கொள்கிறேன் என்றார். இதற்கு டிரேட் என்று பெயர், விதியில் இடம் உண்டு. பாய் சம்மதித்தார். ஜெயிக்க ஆடுகிற யாரையும் அதற்காக வெளியே உட்கார வைக்கக் கூடாது என்று நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதற்கும் சம்மதித்தார். பொய் சொன்னதற்காகக் கயல்விழியை அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தேன். இரண்டாவது ஆட்டத்தில் ஷர்மிளா தூக்கிப் போட்ட பந்தை அவள் எட்டிப் பிடித்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். முதலாளி, கோச், ரெஃப்ரி, செயலாளர், ஏன், குடத்தைக்கூட நான் சந்தேகப்பட்டேன். கயல்விழியைச் சந்தேகப்படவில்லை. அவள் நல்ல பெண் என்பதால் அல்ல. எங்கே ஆட வேண்டும் என்று அவளுக்கும் ஒரு ஆசை இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் டிராஃப்டுக்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு, எங்கே ஆட ஆசை என்று கேட்கிறேன். கேட்டபடியே நடக்கும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. அணிகளிடம் சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான். இந்த வருடம் ஒரு பெண் என் கேள்வியைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, அப்புறம் சொல்கிறேன் என்றாள். பழைய ஆளாக இருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"எந்த டீம் பேரச் சொன்னா வலிக்குது, அத மொதல்ல சொல்லு."