ஆர்டிஸ் கோஸ்லிக்கின் விவாகரத்து

ஓர்வல் பிரெக்கிக்கு முதல் தடவை பக்கவாதம் வந்து வாய் கோணிக்கொண்டபோது, எதிரே உட்கார்ந்து சீட்டு கலைத்துக்கொண்டிருந்தவள் ஆர்டிஸ். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவளும் அவள்தான். அதன் வாலைப் பிடித்தாற்போலப் பழைய பிக்கப் வண்டியை விரட்டிக்கொண்டு போனவளும் அவள்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்னக் கேள்வி கேட்டாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தவர்கள். முட்டையை எப்படிப் பொரித்தால் அவருக்கு இறங்கும், எந்தத் தோள் குத்தும், எந்த மாத்திரையை முழுங்காமல் ஏமாற்றுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் முறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"நாங்க ஒண்ணா இருக்கோம்," என்றாள்.

"தீவிர சிகிச்சைப் பிரிவுல சொந்தக்காரங்களை மட்டும்தான் விடுவோம். வெளியே உக்காருங்க."

குளிர்பான மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஓர்வலுக்கு நாக்கு திரும்பியதும் முதல் வேலையாக அந்த வார்டையே சத்தம்போட்டு ஒரு வழி பண்ணினார். அப்புறம் விட்டார்கள். ஆனாலும் அந்த நாற்காலி அவள் மனசை விட்டுப் போகவில்லை.

ஆர்டிஸுக்கு அறுபத்தெட்டு வயசு. சீஸ் ஃபாக்டரியில் பொட்டலம் கட்டும் கூடத்தில் காலமெல்லாம் நின்றவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கும். வேலையிலிருந்து நின்ற பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் பிங்க்கியின் சாராயக்கடையில் மீன் பொரித்துக்கொடுத்தாள். சம்பளத்துக்கு இல்லை, நாலு பேரிடம் வாய் கொடுக்கலாம் என்றுதான்.

இளவயசில் டுவேன் கோஸ்லிக் என்பவனைக் கட்டியிருந்தாள். ரோடு போடும் கம்பெனியில் தார் மெஷின் ஓட்டுகிறவன். ரோடு எங்கே போகிறதோ அங்கே போவான். ஒரு கோடையில் ரோடு வடக்கே போயிற்று, அவனும் போனான், ரோடு முடிந்தும் அவன் திரும்பவில்லை. அப்புறம் ஒருநாள் அவனுடைய வக்கீலிடமிருந்து விவாகரத்துத் தாள்கள் வந்தன. சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள், தபாலில் சேர்த்தாள், மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் விவாகரத்து. எல்லாத் தாளிலும் பேர் மாற்றிக்கொண்டு அலைய அலுப்புப்பட்டு, கோஸ்லிக் என்கிற பேரை மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஓர்வல் பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். அரிசோனாவில் லைல் என்று ஒரே பையன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே அவர் பேச்செடுத்தார்.

"ஆர்டி, கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"யோவ், ரத்தம் மூளைக்குப் போகலேன்னு டாக்டர் சொன்னது சரிதான் போல."

"சிரிக்காதே. அடுத்த தடவை அந்த நர்ஸ் கேட்டா, பொண்டாட்டின்னு சொல்லு. அதுக்காகத்தான்."

"அதுக்கு மட்டும்தானா?"

"மீன் பொரிக்கிறதும் நல்லா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் இருவரும் கல்யாண லைசென்ஸ் வாங்க, மாவட்ட அலுவலகமான கவுண்டி ஆபீசுக்குப் போனார்கள். அவர் பிடித்து நடக்கும் நடைவண்டியோடு, அவள் புதுச் சட்டையோடு. கவுண்டரில் இருந்த பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். முன்பு கல்யாணம் ஆனதா? ஆனது. எப்படி முடிந்தது? விவாகரத்து.

"சரி, அந்தத் தீர்ப்போட நகல் கொண்டு வந்திருக்கீங்களா? கோர்ட் முத்திரை வச்சது."

"என்கிட்ட ஒண்ணும் இல்லையேம்மா."

"பரவால்ல, தீர்ப்பு ஆன கவுண்டி கோர்ட்ல எழுதிக் கேட்டா தருவாங்க. எந்தக் கவுண்டி?"

ஆர்டிஸ் கையால் வடக்குப் பக்கம் காட்டினாள். "வடக்கே எங்கேயோ," என்றாள்.

"வடக்கேன்னு ஒரு கவுண்டி இல்லையே," என்று அந்தப் பெண் இரக்கமாகத்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து தொடங்கியது அலைச்சல். நூலகத்தில் கோரா என்று ஒரு பெண், ஆர்டிஸோடு சீட்டு விளையாடுகிறவள், கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். கோர்ட் வழக்குகளெல்லாம் அதில் வரும். ஆனால் இவ்வளவு பழையது வராது. "பழைய கேஸுக்கெல்லாம் அந்தந்தக் கோர்ட்டுக்கே எழுதிக் கேக்கணும் ஆர்டிஸ். ரெண்டு பேர் பேரு, வருஷம், கேஸ் நம்பர்."

"நம்பர் தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து உன் மூஞ்சியைப் பாக்கறேன்?"

வடக்கே டுவேன் ரோடு போட்டிருக்கக்கூடிய கவுண்டிகளுக்கு ஒவ்வொன்றாக எழுதினார்கள், போன் செய்தார்கள். ஒரு கோர்ட்டில் போனை எடுப்பதற்குள் பாட்டு ஓடி ஓடி அடங்கியது. இன்னொன்றில், நேரில் வந்தால்தான் தேடுவோம் என்றார்கள். மற்றொன்றில் ஒரு ஆள், "வருஷம் சரியாச் சொல்லுங்கம்மா, ஒரு தடவைக்கு அஞ்சு வருஷப் பதிவுக்கு மேல தேடித் தர மாட்டோம்," என்றான். வருஷத்தை எங்கே போய்ப் பிடிப்பது? அந்தக் கோடையில் ஃபாக்டரியில் குளிர் அறை பழுதானது ஞாபகம் இருந்தது; அது எந்த வருஷம் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பதிலுக்கென்று தன் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டி உள்ளே வைத்து அனுப்பிய உறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி: இப்பெயரில் பதிவு எதுவும் இல்லை.

ஓர்வல் தினமும் கேட்பார். "இன்னிக்கு நான் மாப்பிள்ளையா?"

"இன்னும் இல்ல. கஞ்சியைக் குடி."

மான் வேட்டைக் காலம் முடிந்து பனி கெட்டிப்பட்டபோது, ஆஷ்ஃபீல்ட் கவுண்டி கோர்ட்டிலிருந்து லவோன் என்று ஒரு பெண் தானாகவே கூப்பிட்டாள். கோஸ்லிக் எதிர் கோஸ்லிக் என்று அட்டவணையில் ஒரு கேஸ் இருக்கிறது, கட்டு நிலவறையில் கிடக்கிறது, எடுத்து வைக்கிறேன் என்றாள். ஆர்டிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை ஓர்வலுக்குத் துணை வைத்துவிட்டு, மறுநாள் விடியுமுன்பே பிக்கப்பைக் கிளப்பிவிட்டாள்.

லவோன் கட்டைப் பிரித்து வைத்திருந்தாள். ஆர்டிஸின் கையெழுத்து அதில் இருந்தது, அந்த வயசின் உருண்டைக் கையெழுத்து. "இதான், இதான்! நகல் போட்டு முத்திரை வச்சுக் கொடுங்க தாயி," என்றாள்.

லவோன் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"மிஸஸ் கோஸ்லிக், இதுல தீர்ப்பு இல்ல."

"உள்ள எங்கயாவது சொருகியிருக்கும், பாருங்க."

"பாத்துட்டேன். மனு போட்டிருக்காங்க, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. விசாரணை அன்னிக்கு யாருமே வரலை. மனு தள்ளுபடி ஆயிருக்கு."

"தள்ளுபடின்னா?"

"சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா இந்தக் கேஸ்ல உங்களுக்கு விவாகரத்து ஆகலை."

ஆர்டிஸ் அந்த உருண்டைக் கையெழுத்தை மறுபடி பார்த்தாள். விட்டுப்போன ஒருத்தனுக்கு இத்தனை வருஷமும் தான் பெண்டாட்டியாகவே இருந்திருக்கிறோம்! ஃபாக்டரியில் நின்றபோதும், ஓர்வலோடு வீடு மாறியபோதும், போன வாரம் அவருக்கு நகம் வெட்டியபோதும். யாரைத் திட்டுவது? கோர்ட்டுக்கு வராதவன் டுவேன் மட்டும் இல்லை, அவளும் வரவில்லை. வரவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

டுவேன் அதே வட்டாரத்தில்தான் இருந்தான். போன் புத்தகத்திலேயே பேர் இருந்தது. வீட்டுக்கு வராதே என்று சொல்லி, நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்குக்கு வரச் சொன்னான். வந்தவன் கிழவன், காது மெஷின் வைத்திருந்தான். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

"ஆர்டி! நீ கொஞ்சம்கூட மாறலையே!"

"கண்ணுக்கும் ஒரு மெஷின் வாங்கி வை. ஏன்டா, கோர்ட்டுக்கு ஏன் போகல?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரிப்பு வடிந்துபோனது. அந்த வாரம் கம்பெனி அவர்களை அயோவாவுக்கு அனுப்பிவிட்டதாம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று, மிச்சத்தை ஜட்ஜ் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தானாம். அப்புறம் மினசோட்டாவில் ரோஸானைக் கட்டிக்கொண்டான். அங்கே யாரும் தாள் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகள், பேரன் பேத்திகள்.

"அப்போ ரோஸான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. "ஆர்டி, இதை இப்படியே விட்டுடேன். அவ ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. நாப்பது வருஷமா அவ என் பொண்டாட்டியே இல்லேன்னு நான் எப்படிப் போய் அவகிட்ட சொல்வேன்?"

"நான் எங்கடா போவேன்? அங்க ஒருத்தர் நடைவண்டியைப் பிடிச்சுக்கிட்டு எனக்காக உக்காந்திருக்காரு."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினான். கடைசியில், "தாளை அனுப்பு, போடறேன். இந்தத் தடவை கோர்ட்டுக்கும் வரேன்," என்றான்.

ஊருக்கு வந்து வக்கீலைப் பார்த்தாள். புதிதாக மனு போட்டால், கோர்ட் எடுப்பதற்கே நாலு மாசம் காத்திருக்க வேண்டுமாம். தீர்ப்பு வந்த பிறகும் ஆறு மாசத்துக்கு யாரையும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதாம். "சட்டம் அப்படிங்க," என்றார் வக்கீல்.

"அவசரம்னு சொல்லிப் பாருங்களேன்."

"முதல் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம். ரெண்டாவதை யாராலயும் அசைக்க முடியாது."

சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஓர்வலிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, ஒருநாள் சொன்னாள். அவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னொருத்தன் பொண்டாட்டியையா இத்தனை நாளா வச்சிருந்தேன்? என் மதிப்பே ஏறிப்போச்சு," என்றார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ஓர்வலுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்துவிட்டது. இந்தத் தடவை நாக்கு திரும்பவில்லை, வலது பக்கமும் திரும்பவில்லை. லைல் அரிசோனாவிலிருந்து வந்தான். கெட்டவன் இல்லை. அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான், நன்றி சொன்னான். அப்பாவைத் தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க எல்லா ஏற்பாடும் பண்ணியிருந்தான்.

"பனி இல்லாத ஊர்ல அவருக்கு ஓடாது லைல். உறைஞ்ச ஏரியில உக்காந்து மீன் பிடிக்காட்டா அவருக்குக் குளிர்காலமே இல்ல."

"அப்பாவால இனி ஏரிக்குப் போக முடியாது ஆர்டிஸ். உங்களால அவரைத் தூக்கவும் முடியாது. டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"என்கிட்ட பேசலையே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் மகன். நீங்க..." என்று நிறுத்தினான். அதற்குமேல் சொல்லத் தெரியாமல்தான் நிறுத்தினான். அவளுக்கும் தெரியவில்லை.

குளிருக்குப் போடும் அவருடைய ஃபிளானல் சட்டைகளை அவள்தான் மடித்து வைத்தாள். அங்கே அவை தேவைப்படாது என்று லைல் மெல்லச் சொன்னான். அப்படியும் இரண்டை அடியில் வைத்தாள். வண்டியில் ஏற்றும்போது ஓர்வலின் இடது கை அவள் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரித்துவிட வேண்டியிருந்தது.

"போய்ட்டு வாய்யா. நான் தாளை வாங்கிட்டு வந்துடறேன்," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

வழக்கு நடந்தது. டுவேன் சொன்னபடி வந்தான். டை கட்டிக்கொண்டு, ஜட்ஜ் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். தீர்ப்பின் நகல் முத்திரையோடு அவள் கையில் வந்தபோது வெளியே வசந்தகாலத்து லைலாக் பூத்திருந்தது. அதற்கப்புறமும் ஆறு மாசம் போக வேண்டியிருந்தது.

அந்த ஆறு மாசம் முடிந்த பிறகு முதலில் கூப்பிட்டவன் டுவேன்தான். அவனும் ரோஸானும் கவுண்டி ஆபீசில் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்களாம். ரோஸான் முதலில் இரண்டு வாரம் அவனோடு பேசவில்லையாம். அப்புறம் புது மோதிரம் கேட்டாளாம். "உன்னால எல்லாம் சரியாப் போச்சு ஆர்டி," என்றான்.

"நல்லா இருங்க," என்றாள். நிஜமாகவேதான் சொன்னாள்.

ஓர்வலுக்கு இப்போது ஆள் அடையாளம் தெரிவதில்லை என்று லைல் சொல்லியிருந்தான். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல அவரால் ஆகாது. சம்மதம் சொல்லாதவரை யாரும் கட்டிவைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லைல் போனை அப்பா காதில் வைப்பான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். ஏரி உறைந்துவிட்டதா, பிங்க்கியின் கடையில் யார் சீட்டில் ஏமாற்றினார்கள் என்று ஆர்டிஸ் பேசிக்கொண்டே இருப்பாள், லைல் போனைத் திருப்பி எடுத்து, "அப்பா தூங்கிட்டாரு ஆர்டிஸ்," என்று சொல்லும் வரைக்கும்.