பேருந்தில் எழுந்து நின்ற எங்கள் பள்ளி

நண்பர்களே, இன்று நடந்ததைச் சொல்லப்போகிறேன். உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று இப்போதே உறுதியளிக்கிறேன்.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு நானும் ரஹீம் பாயும் பிடோக் போகும் பேருந்தில் ஏறினோம். நாங்கள் படித்த உயர்நிலைப் பள்ளிகள் இரண்டும் காற்பந்தில் பரம எதிரிகள். பிற்பாடு இரண்டையும் ஒன்றாக இணைத்தபோது அவர் பள்ளியின் பெயர்தான் நிலைத்தது. அன்றிலிருந்து பாய் என்னை நிம்மதியாகத் தேநீர் குடிக்க விட்டதில்லை.

இன்றும் ஆரம்பித்தார். "உங்க ஸ்கூல் எங்கண்ணே? மேப்ல தேடினேன், காணோம் லா."

அடுத்த நிறுத்தத்தில் அந்த இணைந்த பள்ளியின் மாணவர்கள் வெற்றிக் கோப்பையோடு ஏறினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே குரலில் முழங்கினார்கள்.

"கோப்பி ஓ! தே ஓ! கோல் போடு தம்பி, ஓ!"

எங்கள் முழக்கம். எங்கள் பழைய பள்ளி கேண்டீனில், அங்கே விற்ற கடுங்காப்பி, கடுந்தேநீர் பெயர்களை வைத்து நாங்கள் கட்டியது.

பேருந்து குலுங்கியது. ஓட்டுநர் எழுந்து சல்யூட் அடித்தார். தீவின் வடகோடியில் இருக்கும் கிராஞ்சிவரை போக்குவரத்து நின்றது. என் பையிலிருந்த மீன் வாலை ஆட்டியது.

"இப்ப தெரியுதா பாய், எங்க ஸ்கூல் எங்க இருக்குன்னு?"

பாய் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். பார்த்தால், அவரும் கூடவே முழங்கிக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள ஜெயிச்சப்பல்லாம் இதத்தானண்ணே கத்துனீங்க. மறக்குமா?"

ஓட்டுநரை விட்டுவிடுங்கள். மீனையும் மன்னித்துவிடுங்கள். பாய் கூடச் சேர்ந்து முழங்கியது மட்டும் சத்தியம். மறுப்பதானால் அவரே கீழே கமெண்ட்டில் வந்து எழுதட்டும்.